சூடு ஆறும்வரை

கடைசி ஆணியையும் கழற்றி, பால்மாத் தகரப்பேணியின் மூடிக்குள் மற்ற ஆணிகளோடு போட்டாள் கோசலா.

“எல்லாம் கழண்டிட்டுதோ?” அறைக்குள்ளிருந்து அப்பா கேட்டார்.

“ஓம் அப்பா.”

“பூட்டேக்க ஒண்டு மிஞ்சும் பார்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “மிஞ்சினாத்தான் நீ மெக்கானிக்.”

சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் மடிக்கணினியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கறுப்பு நிறம், நல்ல கனம், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அண்ணன் கிருஷாந் முதல் சம்பளங்களைச் சேர்த்து விளையாடுவதற்கென்றே வாங்கியது. கனடாவுக்குப் போகும்போது சூட்கேஸில் நிறை கூடுகிறதென்று விட்டுவிட்டுப் போனான். அலுமாரிக்குள் கிடந்ததைப் பிறகு வெளியே எடுத்தவர் அப்பாதான்.

அம்பிகைபாகன் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கவில்லை. இரண்டு தரம் போய் இரண்டு தரமும் தவறியபின், கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவதே தனக்கு விதிக்கப்பட்டது என்று இருந்துவிட்டார். அப்படிப்பட்டவர் இப்போது மாலையானால் ஐரோப்பாவின் தெருக்களில் பெரிய லொறி ஓட்டினார். அது ஒரு விளையாட்டு. ஒரு நகரத்தில் சாமான் ஏற்றி இன்னொரு நகரத்தில் இறக்க வேண்டும். டொரொன்டோவில் இருந்தபடி கிருஷாந் தன் லொறியில் முன்னால் போவான். அப்பா தன் லொறியில் பின்னால் போவார். இங்கே இருட்டும் நேரம் அங்கே காலை. பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, படுக்கப் போகுமுன் அவனுக்கு ஒரு லோட்.

தொலைபேசியில் அவர்கள் இருவருக்கும் பேச்சு ஓடியதே இல்லை. “சாப்பிட்டியோ?” “ஓம்.” “குளிரோ?” “ஓம்.” “இந்தா, அம்மாட்டக் குடுக்கிறன்.” அதோடு சரி. லொறியில் ஏறிய பிறகு கொஞ்சம் கூடியது. “இடப்பக்கம் எடுங்கோ”, “பிறேக்கைப் பிடியுங்கோ”, “அப்பா, அது சிவப்பு லைற்.” ஆனால் கொஞ்ச நேரம் ஓடினாலே மடிக்கணினி சூடாகிவிடும். உள்ளே விசிறி கத்தும். திரையில் லொறி விட்டுவிட்டு நகரும். “சூடாயிட்டுது தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுவம்” என்பார் அப்பா. இரண்டு லொறிகளும் தெருவோரத்தில் நிற்கும். சமையலறையில் இருக்கும் கோசலாவுக்கு அந்த நேரம் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று விளங்காது. சூடு ஆறியதும் மறுபடி லொறிச் சத்தம்.

போன கிழமை கிருஷாந் அவளை அழைத்தான். அவளோடும் அவனுக்குப் பேச்சுக் குறைவுதான். “நீ சயன்ஸ் படிச்சனிதானே. உதை ஒருக்காக் கழட்டிப் பாரன். அப்பா பாவம், ஏத்தத்தில லொறியைத் தள்ளிக்கொண்டு வாற மாதிரி வாறார்.”

“ம்” என்றாள். அண்ணன் அவளிடம் கேட்டு எதுவும் வாங்கியதில்லை. இது ஒன்றைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்றிருந்தது.

அதே கிழமைதான் ஆஸ்பத்திரியில், இதயம் மிகவும் தளர்ந்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மாதக்கணக்காகவே அப்பாவால் நிமிர்ந்து படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி, நுவரெலியாவில் வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையால் கால்களைப் போர்த்திக்கொண்டு, இரவும் பகலும் இருந்தார். செய்தி கேட்டதும் கிருஷாந் “நான் வாறன்” என்றான். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வெளிக்கிட்டால் வழக்கு போய்விடும், திரும்பி உள்ளே விடமாட்டார்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அம்மா தொலைபேசியில் அழுதாள். “வா” என்றும் சொல்லவில்லை, “வராதே” என்றும் சொல்லவில்லை. கோசலா பக்கத்தில் நின்றாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோசலா மடிக்கணினியின் பிளாஸ்டிக் அடிமூடியை நெம்பித் தூக்கினாள். விசிறியின் இதழ்களையும் அதற்கு அப்பால் இருந்த மெல்லிய தகடுகளையும் சாம்பல் நிறத்தில் ஒரு படை மூடியிருந்தது. தூசி இப்படி வெளுப்பாக இருக்காது. விரலால் தொட்டு முகர்ந்தாள். சந்தன வாசம்.

“அப்பா.”

“ம்.”

“இதுக்குள்ள திருநீறு.”

அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது.

“எதுக்குள்ள?”

“லெப்டொப்புக்குள்ள.”

“அது… வாகனம் எல்லே பிள்ளை. பூசாம எப்பிடி எடுக்கிறது?”

“நான் அப்பவே சொன்னனான்.” சமையலறையிலிருந்து அம்மா லீலாதேவியின் குரல் வந்தது. “ஒவ்வொரு நாளும் உதைக் கவிட்டு வைச்சு மூண்டு குறி இழுக்கிறார். டயருக்குத் தேசிக்காய் வைக்காததுதான் குறை.”

“மேல பூசினா நீங்கள் சிரிப்பியள். அதுதான் அடியில பூசினனான்.”

அடியில்தான் காற்று எடுக்கும் துவாரங்கள் இருந்தன. அவர் பூசப் பூச விசிறி அதை உள்ளே இழுத்திருக்கிறது. கோசலாவுக்குச் சிரிப்பு வந்தது. பழைய பல் தூரிகையால் மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்தாள். விழுந்ததை அப்படியே குப்பையில் கொட்டக் கை வரவில்லை. பேப்பரோடு மடித்துக் கொண்டுபோய் முற்றத்துச் செவ்வரத்தைச் செடியின் அடியில் கால் படாத இடத்தில் தட்டிவிட்டு வந்தாள்.

விசிறியைத் தூக்கியபோது அடுத்த பிழையும் தெரிந்தது. சிப்பின் மேல் பூசியிருந்த பசை காய்ந்து, வெற்றிலைக்குப் பூசிய சுண்ணாம்புபோல வெடித்திருந்தது. சிப்பின் சூடு இந்தப் பசை வழியாகத்தான் மேலிருக்கும் செப்புக்குழாய்க்கு ஏறவேண்டும். இடையில் மயிரிழை காற்று இருந்தாலும் சூடு அங்கேயே தங்கும். தங்கினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். பழுதாகி நிற்பதைவிட மெதுவாகப் போவது மேல் என்ற ஏற்பாடு.

“கடைக்குப் போயிட்டு வாறன்” என்றாள்.

*

றுஷ்தியின் கடை பாலத்துக்குக் கிட்ட இருந்தது. பழைய கைத்தொலைபேசிகளும் திறந்த கணினிகளும் மேசை நிறையக் கிடக்கும். அவனும் கிருஷாந்தும் ஒன்றாகப் படித்தவர்கள். கோசலா உள்ளே போய், மற்றவர்கள் வாங்கி முடியும்வரை ஓரத்தில் நின்றாள். அவனாகத்தான் கண்டான்.

“என்ன தங்கச்சி, களவெடுக்க வந்த மாதிரி நிக்கிறீங்க? கேட்டாத்தானே தர ஏலும். அப்பாக்கு எப்பிடி?”

“இருக்கிறார்.”

பசை என்று அவள் சொன்னதும் இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய ஊசிக்குழாயை எடுத்தான். “ஒரு பயறளவு போதும். கூட வெச்சா நல்லமெண்டு அப்பி வெச்சிராதீங்க. அது ஜாம் இல்ல.” அதைக் காகிதப் பைக்குள் போட்டவன் உடனே நீட்டவில்லை. “கிருஷாந் வாறானா?”

“வாறன் எண்டுறான்.”

“வந்தாண்டா திரும்பிப் போக ஏலாதே.”

“ஓம்.”

“அவனுக்கு வரவேணாமுண்டு யாராச்சும் சொல்லோணும் தங்கச்சி.”

“ஆர் சொல்லுறது?” அவள் கேட்டுவிட்டாள். இப்படிக் கேட்பவள் அல்ல.

றுஷ்தி வெளியே பாலத்தைப் பார்த்தான். மகாவலி கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. “வாப்பா மவுத்தான நேரம் நான் கட்டார்ல. அன்டைக்கே அடக்கிட்டாங்க. வர ஏலாதுண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒத்தரும், நீ வராட்டிப் பரவால்லண்டு வாயால சொல்லல்ல. வாப்பா சொல்லீந்தா…” பையை நீட்டினான். “இந்தாங்க. பூட்டினப் பொறகு ஒருக்கா நல்லா ஓட விட்டுப் பாருங்க.”

*

பூட்டி முடித்தபோது மூடிக்குள் ஓர் ஆணி மிஞ்சியிருந்தது. கோசலா எல்லா ஓட்டைகளையும் எண்ணிப் பார்த்தாள். எங்கும் வெற்றிடமில்லை. கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள்.

அவருக்கு வந்த சந்தோஷத்தில் இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் ஆணியை வாங்கி, கட்டில் தலைமாட்டில் இருந்த திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தார். “இனி நீ மெக்கானிக்தான்.”

மாலையில் கட்டில் மேசையை அவருடைய மடிக்கு மேலாக நகர்த்தி, மடிக்கணினியை வைத்தாள். சூட்டின் அளவு திரையின் மூலையில் தெரியும்படி செய்திருந்தாள். முன்பு தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏறுவது இப்போது எழுபதோடு நின்றது. விசிறி இருப்பதே தெரியவில்லை.

கிருஷாந்தின் குரல் வந்தது. “அப்பா, ரெடியோ?”

“ரெடி.”

இரண்டு லொறிகளும் ஒரு துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. திரையில் மலைப்பாதை வந்தது. அப்பாவின் லொறி அண்ணனின் லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே ஏறியது. கோசலா கட்டிலருகே கதிரையில் இருந்து பார்த்தாள். அவள் பார்த்தது திரையின் மூலையை மட்டும்.

“அப்பா! என்ன, நிக்காம வாறியள்!”

“தங்கச்சி திருத்திப்போட்டாள்.”

“சொன்னன் தானே. கோசலா, கெட்டிக்காரி!”

அவள் “ம்” என்றாள். அவனுக்குக் கேட்டிராது. காது மடல்கள் சூடாகின.

நிற்காமல் போனார்கள். ஒருமுறைகூட நிற்கவில்லை. “இடப்பக்கம்.” “ஓம்.” “மெதுவா, வளைவு.” “ஓம்.” வழக்கமாக இரவுச் சாப்பாடு வரை இழுபடும் பயணம், அம்மா பிட்டு அவித்து முடிக்குமுன் முடிந்துவிட்டது. சாமான் இறங்கியது. திரையில் பச்சை எழுத்துகள் வந்தன.

“சுப்பர் அப்பா. சரி, நான் படுக்கப்போறன்.”

அப்பா திரையைப் பார்த்தபடி இருந்தார். “கெதியா முடிஞ்சுது” என்றார்.

“ஓம், லெப்டொப் நல்லா ஓடுதெல்லே.”

“இன்னொரு லோட் ஏத்துவமோ தம்பி?”

அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி. “ஏத்துவமே. பத்து நிமிசம் தாங்கோ, குளிச்சிட்டு வாறன்.”

அப்பா கோசலாவின் பக்கம் திரும்பினார். “பிள்ளை, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டுவாறியோ? அவசரமில்லை. ஆறுதலாக் கொண்டு வா.”

அவள் சமையலறைக்குப் போனாள். அம்மாவோடு நின்று தேங்காய்ப்பூவைப் பிட்டில் பிசிறினாள். அறையில் மறுபடி லொறிச் சத்தம் கேட்டது. சுடுதண்ணீரைக் குவளையில் ஊற்றிக்கொண்டு வந்தபோது, கதவடியிலேயே இன்னொரு சத்தமும் கேட்டது.

விசிறி கத்திக்கொண்டிருந்தது.

கோசலா நின்றாள். பசை குறைந்துவிட்டதா? தகடு சரியாக அமரவில்லையா? அந்த மிஞ்சிய ஆணிதானா? கதவிடுக்கால் அப்பாவின் முகம் திரை வெளிச்சத்தில் தெரிந்தது. திரையின் பின்புறம் அவள் பக்கமாக இருந்தது. அவருடைய கால்களில் சால்வை இல்லை. குளிருமே என்று நினைத்தாள்.

“சூடாயிட்டுது தம்பி” என்றார் அப்பா. “கொஞ்சம் நிப்பாட்டுவம்.”

“திரும்பவுமோ? திருத்தினதெண்டியள்?”

“என்ன செய்யிறது. மிசின்தானே.”

உள்ளே போக வெட்கமாக இருந்தது. குவளை கையைச் சுட்டது. இரண்டு கைகளுக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ரிக்கற் போட்டிட்டியோ?” அப்பா கேட்டார்.

“இல்லை. நாளைக்குப் போடுவன்.”

“போடாத.”

விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்பா…”

“கேள். குறுக்க வராத, எனக்கு மூச்சு எடுக்கக் கஷ்டம்.” அவர் இரண்டு தரம் மூச்சை இழுத்து விட்டார். “நீ வந்து என்ன செய்யப்போறாய்? கொள்ளி வைப்பாய். அதை அண்ணையின்ர மகன் தர்சனும் வைப்பான். பேந்து நீ இஞ்ச இருந்து என்ன செய்வாய்? அங்க ஆர் பாண் சுடுறது?”

கிருஷாந் சிரித்ததுபோலத்தான் முதலில் கேட்டது. பிறகு அது சிரிப்பில்லை என்று விளங்கியது. அப்பா அவசரப்படுத்தவில்லை.

“நான் வராட்டி எல்லாரும் என்ன சொல்லுவினம்? அம்மா…”

“அம்மாட்ட நான் சொல்லுறன். மற்ற ஆக்கள் வந்து சோறு தின்னிட்டுப் போகட்டும்.” மறுபடி மூச்சு. “நாங்கள் எத்தினை ஊர் போயிருக்கிறம். எனக்கு லைசன் தராத நாட்டில இருந்துகொண்டு… எந்தத் தேப்பனும் மகனும் இவ்வளவு தூரம் ஒண்டாப் போயிருக்கினம், சொல்லு பாப்பம்?”

கிருஷாந் மூக்கை உறிஞ்சினான். “நீங்கள் சிவப்பு லைற்றில நிண்டதே இல்லை அப்பா.”

“நிண்டனான். நீ பாக்கேல்லை.”

பிறகு அவர்கள் வேறு கதைகள் பேசினார்கள். தொழிற்சாலையில் மாப் பிசையும் இயந்திரத்தைப் பற்றி. சின்ன வயதில் கிருஷாந் தபால் கந்தோரில் முத்திரைப் பசையை நக்கி வாந்தி எடுத்ததைப் பற்றி. குவளைத் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

“ஆறிட்டுதோ அப்பா?”

“இன்னும் இல்லை.”

“ஆறட்டும்.”

கடைசியில் அப்பா, “இண்டைக்குக் காணும் தம்பி. லொறி உதிலயே நிக்கட்டும். பேந்து எடுப்பம்” என்றார்.

கோசலா மறுபடி அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் சால்வை அவருடைய மடிக்கு வந்திருந்தது. அதைக் கால்வரை இழுத்துப் போர்த்தினாள். சால்வை கதகதவென்று சுட்டது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டாள். நெற்றி குளிர்ந்திருந்தது. பாதங்களைத் தொட்டாள். அவையும் குளிர்.

“நாளைக்குத் திரும்பக் கழட்டிப் பாக்கிறன் அப்பா. நான் என்னவோ பிழை விட்டிட்டன்.”

“வேண்டாம் பிள்ளை.” அவர் அவளுடைய கையைத் தட்டினார். “நீ நல்லாத்தான் திருத்தியிருக்கிறாய். கழட்டாத. அம்மாவை ஒருக்கா வரச் சொல்லு.”

அம்மா போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

விடியற்காலையில் அம்மா தேநீர் கொண்டுபோனபோது அவர் தலையணைகளிலிருந்து சரிந்து, நிமிர்ந்து படுத்திருந்தார். அவர் அப்படிப் படுத்து மாதங்களாயிருந்தன. அம்மா கோசலாவை ஒருமுறைதான் கூப்பிட்டாள். கோசலா வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மறு மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தாள். வெளியே முதல் பஸ் பாலத்தை நோக்கி இறங்கிப்போகும் சத்தம் கேட்டது.

*

அடுத்த நாள் பின்னேரம் எடுப்பதாக முடிவாயிற்று. புசல்லாவையில் வங்கியில் வேலை செய்யும் பெரியப்பா மகன் தர்சன் வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தான். கொள்ளிக்குடமும் அவனுடையதே. ஒரு கையில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி ஐயர் சொன்னதையெல்லாம் செய்தான். தொலைபேசிக்குள் கிருஷாந்தின் முகம் சின்னதாக இருந்தது. கண்ணும் மூக்கும் மட்டும்தான்.

“மகன் வரேல்லையோ?” பின்வரிசைக் கதிரையிலிருந்து ஒரு பெண் மற்றவளிடம் கேட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படியான மெதுவான குரல்.

அம்மா தலைமாட்டில் இருந்தாள். நிமிரவில்லை. “இவர்தான் வரவேண்டாமெண்டு சொன்னவர்” என்றாள். “என்னட்டையும் சொல்லிப்போட்டுத்தான் படுத்தவர்.”

கேட்டவள் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

வாய்க்கரிசி போடும் நேரம் தர்சன் தொலைபேசியைக் கிட்டக் கொண்டுபோனான். அப்பாவின் நெற்றி முழுக்கத் திருநீறு. கோசலா அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது தொலைபேசித் திரை கறுப்பாக இருந்தது. “அவன் கட் பண்ணிட்டான்” என்று தர்சன் அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

றுஷ்தி படலையடியில் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கோசலா தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுபோனபோது அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு ஒரு போத்தலை வாங்கிக்கொண்டான்.

“திரும்பவும் சூடாகினது” என்றாள்.

அவனுக்கு விளங்க ஒரு கணம் ஆனது. “லெப்டொப்பா?”

“ஓம். முதல் ஓட்டத்தில நல்லா இருந்தது. ரெண்டாவதில திரும்ப.”

“பேஸ்ட் பிழைச்சீந்தா முதல்லயே சுட்டிக்கும்.” றுஷ்தியும் குரலைத் தாழ்த்தினான். ஆறுதல் சொல்வதுபோலவே இருந்தது. “கீழால காத்தெடுக்கிற ஓட்டைய என்னமோ மூடீக்கு. கட்டில்ல, தலாணி மேல வெச்சாரா?”

“இல்லை. மேசையிலதான் வைச்சவர்.”

“அப்ப எனக்கும் வெளங்கல்ல தங்கச்சி.”

பறை இல்லை. தேவாரத்தோடு எடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் மஹியாவை மயானத்துக்குப் போனார்கள். வாகனம் வளைவில் மறையும்வரை பெண்கள் படலையில் நின்றுவிட்டு, திரும்பி வந்து வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள்.

தலை முழுகியபின் கோசலா அப்பாவின் அறைக்குள் போனாள். கட்டிலில் மெத்தை இல்லை, பலகைகள் தெரிந்தன. யாரோ கட்டில் மேசையை யன்னலோரம் தள்ளி, அதன் மேல் மூடிய மடிக்கணினி, திருநீற்றுக் குடுவை, மிஞ்சிய ஆணி எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். சால்வை கதிரையில் சுருண்டு கிடந்தது. தோய்க்கப் போடவேண்டும் என்று எடுத்து உதறினாள்.

சாம்பல் நிறக் கம்பளியில் மூன்று வெள்ளைக் கோடுகள்.

அவள் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு சாண் அகலத்தில், நேராக, பக்கம் பக்கமாக மூன்று. சால்வையில் மடிப்புத் தடங்களும் இருந்தன. அந்தத் தடங்களின்படியே மடித்தாள். நான்காக மடிந்து மூன்று கோடுகளும் மேலே வந்தன. மூலைகளில் நான்கு சின்னப் பள்ளங்கள்.

மடிக்கணினியைக் கவிழ்த்தாள். அதன் நான்கு மூலைகளிலும் சின்ன ரப்பர்க் கால்கள். அவள் துடைத்துப் பூட்டிய அடிப்பக்கத்தில், காற்று எடுக்கும் துவாரங்களின் மேல், அப்பா மறுபடி மூன்று குறி பூசியிருந்தார். அதில் பாதி அழிந்திருந்தது.

பலகையில் உட்கார்ந்தாள். முற்றத்தில் வாளிகள் உருண்டன. அம்மா யாரிடமோ, “தண்ணி இன்னும் ஊத்துங்கோ” என்றாள்.

கொஞ்ச நேரத்தின் பின் மடிக்கணினியை மேசையில் நேராக வைத்துத் திறந்தாள். விளையாட்டு வந்தது. மலைப்பாதை ஓரத்தில் அப்பாவின் லொறி விட்ட இடத்திலேயே நின்றது. பக்கத்தில் இன்னொரு லொறி. மேலே கிருஷாந்தின் பெயர்.

அவள் ஒலிவாங்கியை அழுத்தினாள். “அண்ணா.”

ஏதோ தட்டுப்படும் சத்தம் கேட்டது. கதிரையாக இருக்கலாம். “கோசலாவோ?”

“ம்.”

“கொண்டுபோயிட்டினமோ?”

“ஓம்.”

அவனுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் தொலைபேசியை அம்மாவிடம் கொடுப்பது.

“லோட் இன்னும் இறக்கேல்லை” என்றான் கிருஷாந். “கொஞ்சத் தூரம்தான்.”

“எனக்கு ஓடத் தெரியாது.”

“நேர போ. நான் பின்னால வாறன்.”

எந்த விசை என்று அவன் சொன்னான். லொறி ஒருமுறை குலுங்கிப் புறப்பட்டது. கண்ணாடியில் அண்ணனின் லொறி பின்னால் வருவது தெரிந்தது. பாதை ஏறியது, வளைந்தது, மறுபடி ஏறியது. “மெதுவா.” “ம்.” “வளைவு.” “ம்.” விசிறி சத்தமில்லாமல் ஓடியது. மூலையில் எழுபது. எங்கும் ஒரு தடங்கலில்லை. இப்படியே போனால் கொஞ்ச நேரத்தில் இறக்கும் இடம் வந்துவிடும். சாமான் இறங்கும். பச்சை எழுத்துகள் வரும். அவன் படுக்கப் போவான்.

வலது கை விசையில் இருக்க, கோசலா இடது கையால் மடிக்கணினியின் ஓரத்தைத் தூக்கினாள். மடித்த சால்வையை அடியில் தள்ளினாள். துவாரங்கள் மூடும்படி ஒருமுறை சரிபார்த்தாள்.

எழுபத்தெட்டு. எண்பத்தாறு. விசிறி முனகத் தொடங்கியது. பிறகு கத்தத் தொடங்கியது. ஏற்றத்தில் லொறி விட்டுவிட்டு நகர்ந்தது.

“அண்ணா” என்றாள். “சூடாயிட்டுது. கொஞ்சம் நிப்பாட்டுவமே?”

அவள் லொறியைத் தெருவோரம் ஒதுக்கி நிறுத்தினாள். கண்ணாடியில், அண்ணனின் லொறி வேகம் குறைந்து வந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்துச் சிக்னல் விளக்கு அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது.